தணிகைவேலின் கடைவாய்ப் பற்கள்

2024 ஜனவரி 17, காணும் பொங்கலன்று, புதுச்சேரி பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேடு கிராமத்தில் நடந்த கரும்பு கடிக்கும் போட்டியில் ஐம்பத்தெட்டு வயது தணிகைவேல் முதல் பரிசாக எவர்சில்வர் அண்டா பெற்றார்.

இரண்டாவது வந்தவர் அவருடைய மனைவியின் தம்பி அருள்மொழி. முந்தின வருடமும் அப்படித்தான். கத்தி கூடாது, சொந்தப் பல்லால் மட்டுமே உரிக்க வேண்டும் என்று மைக்கில் விதி சொல்வார்கள். தணிகைவேலின் வலது கீழ்க் கடைவாயில் இருந்த இரண்டு பற்கள் கடலூரில் வைத்தவை. தாடை எலும்பில் டைட்டானியம் திருகாணி இறக்கி, அதன்மேல் பல்லை மாட்டியிருந்தார்கள். மனைவி விஜயகுமாரிக்கு மட்டும் இது தெரியும்.

ஆகஸ்டில் தணிகைவேலின் நாக்கின் அடியில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. சின்னதுதான், கதிர்வீச்சிலேயே கரைத்துவிடலாம் என்றார்கள். முதலில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிக் கொடுத்த சீட்டை அவர் சட்டைப்பையைவிட்டு எடுக்கவே இல்லை. ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ், "வாய்ல கட்டின பல்லு, உலோகம் எதுனா இருக்கா?" என்று கேட்டபோது பக்கத்தில் அருள்மொழி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்டோவில்தான் தணிகைவேலும் விஜயகுமாரியும் வந்திருந்தார்கள்.

"எல்லாம் சொந்தப் பல்லு," என்றார் தணிகைவேல்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் ரோஸ்லின் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில், தாடையிலிருந்து வெள்ளைக் கீற்றுகள் மத்தாப்பு மாதிரி சிதறிக் கிடந்தன.

"இது என்னங்க ஐயா?"

தணிகைவேல் ஃபேனைப் பார்த்தார்.

"இதுல கட்டியோட ஓரமே மறையுது. உலோகம் கதிரைக் கொஞ்சம் பக்கத்துச் சதை மேலயே திருப்பி அடிக்கும். கன்னம் வெந்துடும். சொன்னாத்தானே நாங்க கணக்குப் போட முடியும்?"

"சொல்லுய்யா," என்றார் விஜயகுமாரி. "அண்டா பெருசா, கன்னம் பெருசா?"

"இம்ப்ளான்ட்டுங்க. ரெண்டு."

அருள்மொழி எழுந்தே விட்டார். "மாமா! ஸ்க்ரூ போட்ட வாய வச்சிக்கினா என்னை ரெண்டு வருசமா தோக்கடிச்ச?"

"கடிச்சது நான்தானடா."

"கடிச்சது கம்பெனி!"

"அண்டாவ எடுத்துக்கினு போ, போ."

"அதுல நெல்லு ஊறுது. எவனும் தொடக்கூடாது," என்றார் விஜயகுமாரி.

தணிகைவேல் குரலை இறக்கி, "அத புடுங்கிடுவீங்களாம்மா?" என்று டாக்டரிடம் கேட்டார். சீட்டை மறைத்ததற்கு மச்சான் பாதிக் காரணம் என்றால், மீதி இந்தப் பயம்.

"புடுங்கினா எலும்புல புண்ணாகும். கதிர் பட்ட எலும்புல புண்ணு லேசுல ஆறாது. திருகாணி அப்படியே இருக்கட்டும். அதுமேல மாட்டின பல்லை மட்டும் கழட்டிட்டு ஸ்கேனைத் திரும்ப எடுத்துடலாம். கதிர் குடுக்கும்போது திருகாணிக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு சிலிகோன் தடுப்பு வைப்போம்."

"கரும்பு?"

"கரும்பை மறந்துடுங்க."

சிகிச்சை முடியும்வரை அருள்மொழிதான் ஆட்டோவில் கூட்டிப்போனார். கழற்றின பற்கள் ஒரு டப்பாவில் முன்னால் இருந்தன. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டினார். வாய்ப்புண்ணில் பேச முடியாத தணிகைவேல் கையை ஓங்கிக் காட்டினார். கேழ்வரகுக் கூழில் நாட்கள் போயின. கட்டி கரைந்தது. கன்னம் வேகவில்லை. புண் ஆறியதும் பற்களை மறுபடி மாட்டினார்கள்.

2025 ஜனவரி 16, காணும் பொங்கலன்று தணிகைவேல் நடுவராக இருந்தார். போட்டியாளர்களின் வாயை டார்ச் அடித்துச் சோதித்தார். மச்சான் வாயில் கூடுதல் நேரம் அடித்தார். முதல் பரிசு பால் சொசைட்டியில் வேலை செய்யும் அமுதத்துக்குக் கிடைத்தது. அருள்மொழி இரண்டாவது வந்தார்.