பவானிக்கு வந்த கணக்குகள்

1

இந்தக் கதை, தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. முன்சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "ஏலே, ரூட் எல்லாம் எடப்பக்கம் விழுதா பாரு. ஒண்ணு வலப்பக்கம் போனாலும் அம்புட்டுத்தான்." யாருக்கோ வழி சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது சமன்பாட்டின் ரூட், அதாவது மூலம். யாருடைய வீட்டுப்பாடத்தையோ போனிலேயே போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மற்றதெல்லாம் என் கற்பனை. பவானி என்ற பெயரும்.

2

சுருளிப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டபோது பவானி எம்.இ. பாதியில் இருந்தாள். அவள் கணவன் ஈஸ்வரபாண்டி ஒரு முரட்டு

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை சுலபம்.)

ஈஸ்வரபாண்டி நல்லவன்தான். "இந்த அறுப்பு முடியட்டும், போய்ப் படிச்சு முடிச்சிட்டு வா" என்றான். திராட்சைத் தோட்டத்தில் ஓர் அறுப்பு முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும். பிறகு குழந்தை வந்தது.

அவள் தம்பி மதன்குமார் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தான். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் மண்டையில் ஏறாமல், வீட்டுப்பாடத்தை அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினான். ஒன்றைத் தட்டிவிட்டால் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புமா, இல்லை தறிகெட்டுப் போகுமா என்று கேட்கிற கணக்குகள். ரூட் எல்லாம் இடப்பக்கம் விழுந்தால் திரும்பும். அடுப்பில் குழம்பு கொதிக்க, கிடைத்த தாளில் போட்டு அனுப்பினாள் பவானி.

மாமியார் கஸ்தூரியம்மாள் வாசலுக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வாள்: "தம்பிக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்குது. இப்பக் கூப்பிடாதீக."

வேறு எதற்கும் பவானிக்கு அந்த வீட்டில் இப்படி ஒரு சலுகை கிடைத்ததில்லை.

3

ஒரு வாரம் கணக்கே வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"என்னடா, ஒண்ணும் அனுப்பல?"

"ஏஐ-ல போட்டா ஸ்டெப்போட வந்துருதுக்கா. நீ புள்ளையப் பாப்பியா, தோட்டத்தப் பாப்பியா? உனக்கு எதுக்குச் செரமம்?"

"செரமம் ஒண்ணுமில்லடா. அது தப்பாப் போட்டுருச்சுன்னா?"

"போன டெஸ்ட்ல முழு மார்க்குக்கா."



"நல்லதுடா. சாப்பிட்டியா?"

(போனை வைத்ததும் அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அழ நேரமில்லை.)

"தம்பிட்டப் பேசிட்டியா ஆத்தா?" உள்ளேயிருந்து கஸ்தூரியம்மாளின் குரல். "பேசிட்டன்னா இங்கன வா. தோட்டத்து ஆளுகளுக்கு டீ கொண்டுபோகணும்."

பவானி எழுந்து போனாள்.

4

அவள் திரும்பிப் போய்ப் படித்துப் பட்டம் வாங்குகிறாள் என்று முடித்துப் பார்த்தேன். எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இன்னொரு முடிவில் மதன்குமார் புரிந்துகொள்கிறான். விடை தெரிந்த ஒரு கணக்கையே, "இது வெளங்கலக்கா" என்று அனுப்புகிறான். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் நான் எழுதிய மதன்குமார் இதைச் செய்யமாட்டான். அக்காவின் பாரத்தை இறக்கிவைத்துவிட்டதாக அவன் உண்மையிலேயே சந்தோசமாக இருக்கிறான். அந்தச் சந்தோசத்தில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. அப்படி ஒரு தம்பியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடை தெரிந்தாலும் அக்காவுக்கு ஒரு கணக்கு அனுப்பும்படி அவனிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னால், கதை என்பான்.