நெட்டையின் வரிசை

விடியுமுன் மண்ணில் இறங்கினால் முதலில் மரத்துப்போவது கால்விரல்கள்தான். இரவெல்லாம் ஊறிக் கிடந்த களிமண் அப்படி ஒரு குளிர். முழங்கால் வரைக்கும் புதையப் புதைய மிதிக்க வேண்டும். உள்ளே கண்ணாடிச் சில்லு இருக்கும், முள் இருக்கும், குத்தின பிறகுதான் தெரியும். மிதித்த மண்ணை அள்ளி அச்சில் அறைந்து, மேலே கையால் வழித்து, களத்துக்கு ஓடிப்போய்க் கவிழ்த்துவிட்டுத் திரும்பவும் ஓடி வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதியாவது முடித்தால்தான் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் செங்கல்.

ஜோடி என்றால் புருஷனும் பெண்டாட்டியும். எங்கள் சூளையில் தனி ஆளுக்கு வேலை கிடையாது. ஆனால் மேஸ்திரியின் நோட்டில் புருஷன் பெயர் மட்டும்தான் இருக்கும். பெண்டாட்டி என்பவள் மண்வெட்டி, அச்சு மாதிரி அவன் கையோடு கொண்டுவருகிற சாமான். சாமானுக்கு யாராவது பெயர் எழுதுவார்களா?

நெட்டை செத்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது.

நெட்டை என் பக்கத்து வரிசைக்காரி. நல்ல உயரம், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் கல் அறுத்திருக்கிறோம். மண் வெட்டும் பள்ளத்தின் கரை விரிசல் விட்டிருக்கிறது என்று அவள் மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொன்னாள். "பார்த்து வெட்டும்மா" என்றான் அவன். பார்த்துத்தான் வெட்டினாள். மூன்றாம் நாள் கரை அப்படியே அவள்மேல் உட்கார்ந்துவிட்டது. மற்றப் பதின்மூன்று ஜோடியும் அவள் புருஷனும் கையாலேயே தோண்டினோம். அவள் வாயில் இருந்த மண்ணை நான்தான் விரல் விட்டு எடுத்தேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த மண் என் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

அவள் செத்த மூன்றாம் நாள் முதலாளி வந்தார். துக்கம் கேட்க வந்தார் என்று நினைத்தோம், எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நெட்டையின் புருஷன் எழுந்து நின்றான். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

"ஜோடியில ஒரு ஆள் குறையுதேப்பா. பொண்ணு எவ்வளவு வளர்ந்துட்டா? அவளை இறக்கு."

"படிக்கிறாங்க முதலாளி. எட்டாவது."

"படிச்சு என்ன கலெக்டரா ஆகப் போறா? ஆயிரம் கல் வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் குறைஞ்சாலும் பொண்ணு மண்ணுல இறங்கணும், இல்லன்னா குடிசையைக் காலி பண்ணு."

அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. 'இவ கால்ல இந்த மண்ணு படக்கூடாது' என்று நெட்டை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவாள். சொல்லிச் சொல்லி எங்கள் காதே புளித்துப் போயிருந்தது. அன்றைக்கு ராத்திரி அந்தப் பேச்சு என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள், இருட்டு பிரிவதற்குள் என் பங்காக நாற்பது கல்லை நெட்டையின் வரிசையில் கவிழ்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் இடத்தில் யாரோ குனிந்து நிற்கிறார்கள்! குனிவதும் கவிழ்ப்பதும் நகர்வதும் அப்படியே நெட்டை. எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அந்த உருவம் திரும்பியது. ஊமைச்சி.

வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நாற்பது, நான் நாற்பது. விடிவதற்குள் சேதி பரவி, பதின்மூன்று பெண்களும் வந்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகூட பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். விடியும்போது நெட்டையின் வரிசையில் ஐந்நூறு பச்சைக்கல் ஈரம் சொட்ட நிற்கும். மீதி ஐந்நூறை அவள் புருஷன் அறுப்பான். ஆயிரம் நிறைந்துவிடும். பெண் பள்ளிக்கூடம் போனாள்.

பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்தோம். எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று யாருக்குத் தெரிந்தது?

முதலில் மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்தது. செத்தவள் வந்து கல் அறுக்கிறாள் என்று அவன்தான் கிளப்பிவிட்டான். எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். ஆனால் ஒருநாள் நெட்டையின் புருஷன் அந்த வரிசையின் தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. மறுநாள் அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"அத்தை, அம்மா களத்துக்கு மட்டும் வர்றாங்களே, ஏன் வீட்டுக்குள்ள வர மாட்டேங்கிறாங்க?"

"நேரமாச்சு, பள்ளிக்கூடம் போ" என்றேன். போய்விட்டாள். அவள் போன பிறகு எனக்கே நெட்டை பக்கத்தில் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அந்த வரிசைப் பக்கம் தனியாகப் போக எனக்குப் பயம்.

நாங்கள் நெட்டையின் வரிசையில் இறங்கிய பதினோராம் நாள் லேபர் ஆபீசர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மண் சரிந்து செத்தது வேலை செய்த ஆளா என்று விசாரிக்க வந்திருந்தார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"சார், இங்க பொம்பளைங்க யாரும் வேலை செய்யறதில்ல. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு வருவாங்க, போவாங்க. அந்தம்மாவும் அப்படித்தான், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கு. விதி."

"இவங்க ஜோடியா வேலை செய்யறாங்கன்னு கேள்விப்பட்டேனே?"

"நோட்டைப் பாருங்க சார். அந்தம்மா இருந்தப்பவும் இவன் கணக்கு ஆயிரம். செத்த பிறகும் ஆயிரம். ஒரு கல்லு குறையல. வேலை செஞ்ச ஆளு செத்திருந்தா குறையணுமா இல்லையா?"

பதினோரு நாளாக இடுப்பொடிய நாங்கள் அறுத்த கல் அத்தனையும் அவர் பக்கத்துச் சாட்சியாக நின்றுகொண்டிருந்தது. நெட்டையை மண் ஒரு தடவை மூடியது. நாங்கள் பதின்மூன்று பேரும் தினம் தினம் மூடியிருக்கிறோம்.

ஆபீசர் நெட்டையின் புருஷனைப் பார்த்தார். "ஒரே ஆளா ஆயிரம் கல் அறுக்கிறியா?"

அவன் வரிசையைப் பார்த்தான். "இல்லைங்க. அவ வர்றா."

முதலாளி சிரித்தார். "பாவம் சார், துக்கத்துல புத்தி பிசகிடுச்சு."

ஆபீசர் பேனாவை மூடப்போனார். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்தது அந்த நினைப்பு ஒன்றுதான், அதையும் நான் பிடுங்க வேண்டியிருந்தது.

"அண்ணா, என்னை மன்னிச்சுடு. அவ வரல. நாங்கதான் வந்தோம்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஏய், வாயை மூடு!" என்றான் மேஸ்திரி.

"மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் இந்தக் கதி. நாக்கு மேல பல்லைப் போட்டு பொம்பளைங்க வேலை செய்யலைன்னு சொல்றாங்களே, இங்க வாங்க சார்." ஆபீசரை வரிசைக்கு இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். என் நடுவிரல் பாதிதான் இருக்கிறது, மற்ற பாதியை முன்பு வேலை செய்த சூளையில் மண் அரைக்கிற இயந்திரம் தின்றுவிட்டது. நான் வழித்த கல்லில் விரல் பதிந்த கோடுகளில் நடுவில் ஒன்று குறையும். "இந்த நாப்பதுல கோட்டை எண்ணிப் பாருங்க. அடுத்த நாப்பது ஊமைச்சியோடது, ரெண்டு தடவை வழிப்பா. இது கைக்குழந்தைக்காரி, அவசரத்துல மூலை மழுங்கியிருக்கும்."

ஒவ்வொருத்தியாக வந்து தன் கல்லின் பக்கத்தில் நின்றார்கள்.

"நாளைக்குக் காலைல வாங்க சார்" என்றாள் ஊமைச்சி. "நாங்க கை வைக்காத களத்தைப் பாருங்க. அப்புறம் எழுதுங்க."

ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் மேஸ்திரி குடிசை குடிசையாக வந்தான். விடிந்ததும் நெட்டையின் பெண் மண்ணில் இருக்க வேண்டும், வாயாடினவர்களும் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்றான். குழாயடியில் கூடினோம். நாளைக்கு ஒருத்தியும் மண்ணில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். கைக்குழந்தைக்காரி அழுதாள். ஆனால் யாரும் பின்வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தான்.

"குடிசையைப் பிரிச்சுப் போட்டா எங்கடி போறது?"

"தெரியல. நீ வேணும்னா போய் அறு."

"நீ இல்லாம ஆயிரம் அறுக்க நான் என்ன பேயா? போடி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடிந்தது. மண் மிதிக்கிற சத்தம் இல்லாத சூளையை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். பதின்மூன்று பேரும் நெட்டையின் வெறும் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் தள்ளி ஆண்கள். சிலர் தலை குனிந்திருந்தார்கள், ஆனால் யாரும் அச்சைத் தொடவில்லை. முதலாளி வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"ஒரு ஜோடி குறைஞ்சதுக்கே காலி பண்ணச் சொன்னேன், ஞாபகமிருக்கா?"

"இன்னைக்கு எல்லா ஜோடியும் குறையுது முதலாளி" என்றேன். "எத்தனை குடிசையைக் காலி பண்ணுவீங்க?"

அவர் என்னை விட்டுவிட்டு நெட்டையின் புருஷனிடம் திரும்பினார். "உன் பொண்ணு எங்கேடா?"

அவன் ஆண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து நடுக்களத்துக்கு வந்தான். அவள் செத்த அன்றுகூட அவன் வாய்விட்டு அழுததில்லை.

"பள்ளிக்கூடம் போயிருக்கா. இனிமேலும் போவா." மூச்சை இழுத்தான். "என் பெண்டாட்டி செத்துட்டா. உங்க களத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தப்ப செத்துட்டா. இனிமே வர மாட்டா."

சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதான். ஊமைச்சி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நானும் போனேன். பிறகு எல்லாரும்.

சாலைத் திருப்பத்தில் புழுதி கிளம்பியது. ஆபீசர் வண்டியா, முதலாளி சொல்லி அனுப்பிய அடியாட்களா, அங்கிருந்து தெரியவில்லை. கைக்குழந்தைக்காரி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு என் தோளோடு ஒட்டினாள். யாரும் எழுந்திருக்கவில்லை.