யார் அழைத்தாலும் இறங்க மாட்டேன்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ரஞ்சிதாவுக்கு நான் எழுதித் தரவேண்டிய ஒரு லிங்க்ட்இன் பதிவு இது. மூன்று பத்தி, ஒரு புகைப்படம், கடைசியில் வாசகருக்கு ஒரு கேள்வி. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அது இழுத்துக்கொண்டே போய் இப்படி நிற்கிறது. பதிவுக்குள் அடங்கவில்லை என்பதால் கதை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் பெயரில் பதிவு எழுதுவது என் பிழைப்பு. லாரிக்கு பாடி கட்டும் முதலாளி ஒருவர் வெல்டிங் பொறியிலிருந்து தலைமைப் பண்பைக் கற்றார் என்பது இன்று பலருக்குத் தெரியும். அவருக்கே அது என் மூலமாகத்தான் தெரியும். முட்டை ஏற்றுமதி செய்கிற இன்னொருவர் கோழிகளிடம் பொறுமையைக் கற்றார். கோழிகளுக்குப் பொறுமை உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. இதற்கு 'பர்சனல் பிராண்ட்' வளர்ப்பது என்று பெயர்.

ரஞ்சிதா கொல்லிமலையில் தோட்டக்கலை அலுவலர். சொந்த ஊர் திருச்சி. கணவரும் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மலையை விட்டு இறங்கி, திருச்சியிலேயே ஏதாவது தனியார் நிறுவனத்தில் சேர வேண்டும் என்பதற்காகத்தான் என்னிடம் வந்தாள். வாசகர் இதைக் கடைசிவரை மறக்கக் கூடாது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

[கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திணறி ஏறும்போது] கொல்லிமலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் வளைவில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு வாந்தி வருகிறது.

[மிளகுக்கொடி தன்னைத் தாங்கும் மரத்தை ஒருபோதும்] இது பதிவு. கொடியைப் பார்த்தால் உடனே அதிலிருந்து ஒரு பாடம் பிழியக் கை துறுதுறுக்கிறது. தொழில் வியாதி.

[ரஞ்சிதாவுக்கு மலை பிடிக்காது.] இது நல்ல தொடக்கம். ஆனால் வரைவை அனுப்பியதும் ரஞ்சிதா ஃபோன் செய்தாள்.

"பிடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன் அக்கா?"

"துவைச்ச துணி காயவே மாட்டேங்குதுன்னு அழுதியே."

"துணி காயலைன்னுதான் சொன்னேன். மலை பிடிக்கலைன்னு சொல்லல."

கதைமாந்தரே எழுதுகிறவளுக்குச் சம்பளமும் கொடுத்தால் இந்தத் தொல்லை உண்டு. அடித்துவிட்டேன். ஆனாலும் அவள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இறங்கத் துடிக்கிற ஒருத்தி இவ்வளவு நன்றாக வேலை பார்க்க மாட்டாள், கதைக்கு ஒட்டாது என்று நினைத்தேன். மலையிலுள்ள குண்டூர் நாட்டில் பூபதி என்ற மிளகு விவசாயியின் தோட்டத்தில் வாடல் நோய் விழுந்தபோது, மழையென்றும் பாராமல் வாராவாரம் போய் நின்று பாதிக்கு மேல் கொடிகளைக் காப்பாற்றியவள் அவள். கேட்டதற்கு, "அதுவும் இதுவும் வேறவேற அக்கா" என்றாள். ஒட்டாததை அப்படியே விட்டிருக்கிறேன்.

3

அந்த மழைக்காலத்தில் பூபதியின் மகள் பூங்குழலி ஒரு படம் எடுத்திருந்தாள். சில்வர் ஓக் மரத்தடியில் பூபதி கொடியைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் ரஞ்சிதா தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். பையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மாதிரிப் படம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதற்கு நான் எழுதிய முதல் வரி இது:

*என்னை இந்த மலைக்கு அனுப்பினார்கள். இனி யார் அழைத்தாலும் இறங்க மாட்டேன்.*

"நான் இறங்கத்தானே அக்கா உங்ககிட்ட வந்தேன்?"

"வேலை தேடறேன்னு சொல்றவங்களை யாரும் தேட மாட்டாங்க. வர மாட்டேன்னு சொல்லிப் பாரு, வரிசையில நின்னு கூப்பிடுவாங்க."

என் கணக்கு தப்பவில்லை. பதிவு பரவியது. பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கைதட்டினார்கள். லிஃப்ட் இல்லாத வீட்டுக்குக் குடிபோகத் தயங்குகிறவர்கள்கூட 'உங்களைப் போல் வாழ ஆசை' என்று எழுதினார்கள். கொஞ்ச நாளில், வாழைக்கன்று வளர்த்து விற்கும் திருச்சி நிறுவனம் ஒன்று ரஞ்சிதாவைத் தொடர்புகொண்டது.

ரஞ்சிதாவின் மகளைப் பற்றியும் ஒரு பதிவு எழுத நினைத்தேன். விடுமுறைக்குத் திருச்சி வந்த அம்மா மலைக்குத் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தை அம்மாவின் பையைத் தூக்கி வந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்து, "பஸ் போயிடும்மா" என்பாளாம். கேட்டதுமே என் மூளை அதைப் பத்தி பத்தியாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டது. "அதை மட்டும் போடாதீங்க அக்கா" என்றாள் ரஞ்சிதா. இப்போது இங்கே எழுதச் சொன்னதும் அவள்தான். ஏனென்று பின்னால் வரும்.

4

(இது அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. வளர்ந்துவிட்டது.)

பூங்குழலி கல்லூரி மாணவி. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும் லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று அவளுடைய கல்லூரியில் சொன்னார்கள், தொடங்கினாள். அப்பாவின் படம் உலகமெல்லாம் போயிருக்கிறது என்று, வீட்டுக்குப் போனபோது ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பதிவைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

என் பதிவுகளை வாசிப்பவர்கள் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். எழுதியதை யாரும் நம்புவதில்லை. நம்பவில்லை என்று சொல்வதுமில்லை. இது எங்களுக்குள் இருக்கும் ஒரு நாகரிகம். குண்டூர் நாட்டில் அந்தப் பதிவைக் கேட்டவர்களுக்கு இந்த நாகரிகம் தெரியாது. ஓர் அலுவலர் தன் படத்தையும் பெயரையும் போட்டு, நாலு பேர் அறிய ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அதை அவர்கள் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

5

ஊர்ச்சாமிக்கு நோம்பி வந்தது, அங்கே திருவிழாவுக்கு அதுதான் பெயர். நான் அங்கே இல்லை, ரஞ்சிதா சொன்னதைக் கொண்டு எழுதுகிறேன். மழை பெய்துகொண்டிருந்தது. [மழையை நான் சேர்த்தேன். அன்று நல்ல வெயிலாம்.]

சாமிக்கு வெட்டிய கிடாயை ஊரே பங்கு போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். வாழையிலைகளை வரிசையாக விரித்து, வீட்டுக்கு ஒரு பங்காகக் கறியை வைப்பார்கள். அலுவலர்கள் வந்தால் நாற்காலி போட்டு விருந்து வைப்பார்களே தவிர, பங்கு கொடுப்பதில்லை. ரஞ்சிதாவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பத்தான் போயிருந்தாள். பூபதி அவளைக் கூப்பிட்டு வரிசையின் கடைசி இலையைக் காட்டினார்.

"இது யாருக்குங்கண்ணே?"

"உங்க ஊட்டுக்குங்க, அம்மிணி."

"எனக்கு இங்க வீடு ஏதுங்க?"

"இருக்கறம்னு சொல்லிப்புட்டீங்க. ஊடு மெதுவாக் கட்டிக்கலாமுங்க. இந்த இலை இனி வருசா வருசம் உங்க பேருக்கு விரிப்பமுங்க. ஊரை உட்டுப் போறவங்களுக்குத்தான் பங்கு வெக்கறதில்லை."

ரஞ்சிதா கறியை இலையோடு எடுத்து வந்து அன்றைக்கே சமைத்திருக்கிறாள். "நல்லா இருந்துச்சு அக்கா, அதான் கஷ்டம்" என்றாள் என்னிடம். இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதிய எந்த வரிக்கும் எனக்கு யாரும் இலை விரித்ததில்லை.

6

திருச்சி நிறுவனத்துக்கு ரஞ்சிதாவைப் பிடித்துப்போனது. நேர்காணல் முடிந்தது. சம்பளம் பேசியாயிற்று. கடைசியாக, அவள் வேலையை நேரில் அறிந்த விவசாயி ஒருவரின் எண்ணைக் கேட்டார்கள். அவள் பூபதியின் எண்ணைக் கொடுத்தாள். அவரைவிட நல்லவிதமாகச் சொல்ல யாருமில்லை. எதற்காகக் கூப்பிடுவார்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒருத்தர் என்னைப் பத்திக் கேப்பாருங்கண்ணே, தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்த பூபதி, அவளைப் பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, திருச்சியிலிருந்து ஒருத்தரு ஃபோன் போட்டாருங்க."

"என்ன கேட்டாருங்க?"

"ஆளு எப்படீன்னு கேட்டாரு. தங்கமுன்னேன். மழையில வந்து நின்னதையெல்லாஞ் சொன்னேன். அப்பறம்தான் அந்தாளு, எங்க கம்பெனிக்கு வந்தா நிலைச்சு இருப்பாங்களான்னு கேக்கறாரு. பாருங்களேன், உங்களைக் கூட்டிட்டுப் போகப் பாக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களை உட்டுக் குடுப்பனுங்களா? அவங்க எங்க ஊர்ல பங்கு வாங்கினவங்க, சொன்ன சொல்லு மாற மாட்டாங்க, நீங்க என்ன குடுத்தாலும் வர மாட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லிப்புட்டேன். அப்பறம் அந்தாளு பேச்சையே காணோமுங்க."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை இருந்ததாம். ஒரு மனிதரைப் பற்றி அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய நல்ல வார்த்தையை அவர் சொல்லியிருக்கிறார். ரஞ்சிதா "ரொம்ப நன்றிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் எந்த ஊருக்கென்று பார்க்காமலே ஏறிவிட்டாள்.

நிறுவனத்திலிருந்து வந்த பதில் மிக மரியாதையானது. 'உங்கள் மேல் எங்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் மலையை விட்டு வர மாட்டேன் என்று உலகறியச் சொன்னவரை நாங்கள் அழைத்தால் நன்றாக இருக்காது. எங்களிடம் சேர்வதாக நீங்களே வெளிப்படையாக அறிவித்தால், பணி ஆணை அனுப்புகிறோம்.'

அந்த அறிவிப்பைத்தான் ரஞ்சிதா என்னை எழுதச் சொன்னாள்.

7

முடிவுகள். எல்லாவற்றையும் ஃபோனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அ. [மலை என்னைச் செதுக்கியது. இன்று ஒரு புதிய பயணத்தைத் தொடங்குகிறேன்.] வழக்கமான அறிவிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இதை பூங்குழலி வாசிச்சுக் காட்டுவா அக்கா."

"காட்டட்டுமே."

"புதிய பயணம்னா பூபதி அண்ணனுக்குப் புரியாது. நான் வாக்கு மாறிட்டேன்னுதான் புரியும்."

ஆ. [நிறுவனத்துக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். சொன்ன சொல் பெரிது.] உண்மையைச் சொல்கிறேன், இதை எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது. லைக் அள்ளும். ரஞ்சிதா, "இதுக்குக் கீழ என் பொண்ணு பையைத் தூக்கிட்டு வர்றதையும் போட்டுருங்க. போட்டுட்டு லைக் எத்தனைன்னு பாருங்க" என்றாள். அவள் என்னிடம் கோபமாகப் பேசியது அப்போதுதான்.

இ. [திருச்சி வீட்டு வாசலில் பலாப்பழத்தோடு பூபதி வந்து நிற்க, உள்ளிருந்து குழந்தை ஓடிவர] வாசிக்கும்போதே நானே நிறுத்திவிட்டேன்.

ஈ. [நீங்கள் ரஞ்சிதாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.] என் பதிவுகள் எல்லாம் இப்படித்தான் முடியும். பதில் தெரியாதபோது கேள்வி கேட்டுவிட வேண்டும், ஆயிரம் பேர் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் ரஞ்சிதாவுக்குப் பங்கு வைத்தவர் இல்லை.

"நேர்ல போய்ச் சொல்லிடேன் ரஞ்சிதா."

"போனேன் அக்கா, ரெண்டு தடவை. ஒரு தடவை காப்பி குடுத்தாங்க. இன்னொரு தடவை, வீடு கட்ட எந்த இடம் தோதுப்படும்னு காட்டினாங்க. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க சுருக்கி எழுதுனதுலதான் இவ்வளவும் வந்துச்சு. இந்தத் தடவை சுருக்காதீங்க. துணி காயாததுலேர்ந்து எல்லாத்தையும் எழுதுங்க. பாப்பா பையை எடுக்கறதையும் எழுதுங்க. பங்கு வெச்சவங்க கேட்டுட்டு, அவங்க சொல்லட்டும்."

8

ஆகவே இந்தக் கதை ரஞ்சிதாவின் பக்கத்தில் வெளியாகிறது. கீழே கோகிலவாணி என்று என் பெயர் இருக்கும். இந்தத் தளத்தில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. பொது வாசகர்கள் இங்கே விடைபெற்றுக்கொள்ளலாம், இனி எழுதுவது உங்களுக்கு இல்லை.

பூங்குழலி, நீ என்னைப் பார்த்ததில்லை. உன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து இதை வாசித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். மேலே முட்டைக்காரர் வருகிற இடத்தை நீ தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. ரஞ்சிதாவின் மகள் வருகிற இடத்தைத் தாண்டியிருந்தால் திரும்பிப் போய் வாசித்துக் காட்டிவிட்டு வா.

யார் அழைத்தாலும் இறங்க மாட்டேன் என்ற வரி என்னுடையது. மழையில் வந்து நின்றது ரஞ்சிதா. இந்த இரண்டையும் அப்பாவுக்குப் பிரித்துச் சொல். அவளை இப்போது அழைப்பவள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், தண்ணீர் பாட்டில் நிரப்பத் தெரிந்தவள் என்றும் சொல். அந்தக் கடைசி இலையை, இறங்கிப் போனவளுக்கும் விரிக்க முடியுமா என்று கேள். முடியாது என்றால் அதையும் அவரே சொல்லட்டும். ரஞ்சிதா இன்னும் நிறுவனத்துக்கு எழுதவில்லை, உங்கள் ஊரிலிருந்து வரும் ஃபோனுக்காகக் காத்திருக்கிறாள்.

முடிவு இருக்க வேண்டிய இடத்தை அவருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். நீ வாசித்தது போதும், ஃபோனைக் கீழே வை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார் பார்.