முதல் முகர்வு

விருந்தினர் வரும் நாளில் நான் வாசனைத் தைலம் பூசக் கூடாது. கல்யாணமானதிலிருந்து பெர்த்ரான் போட்ட சட்டம். கணப்பு மூட்டக் கூடாது, புகை மணக்கும். ஆட்டுத்தொடையை அடுப்பில் வைக்கக் கூடாது, கடைசிக் குப்பி முடிய வேண்டும். எங்கள் வீட்டில் ஒயினைத் தவிர வேறெதற்கும் மணக்க உரிமையில்லை.

இன்று காலையிலும் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"ஓதில், ஒண்ணும் பூசலையே?"

"இல்லைங்க."

பூசியிருந்தேன். மல்லிகை, கழுத்தின் இரு பக்கமும். தோள் உரச என்னைத் தாண்டிப் போனார்.

"நல்லது" என்றார்.

நான் போய்க் கழுத்தைக் கழுவிக்கொண்டேன்.

கொரோனா வந்த வசந்தத்தில் பெர்த்ரானின் மூக்கு போயிற்று. காய்ச்சல் விட்டது, மூக்கு திரும்பவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான். எங்கள் மெதோக் ஒயின் வட்டாரத்தில் ஒரு தோட்ட முதலாளி தான் கடனாளி என்று சொல்லலாம், மனைவி ஓடிப்போனாள் என்று சொல்லலாம். மூக்கு வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

வெளியே யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒயினைப் பற்றிப் பேச மூக்கு தேவைப்படவில்லை. நிறத்தைப் பார்ப்பார், அந்த வருஷத்து மழையை நினைத்துக்கொள்வார், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். மீதியை வாய் தானாகப் பேசிவிடும். முன்பைவிட நன்றாகவே பேசினார். ஒயின் குறுக்கே வரவில்லை.

இன்று எங்கள் தோட்டத்தின் பத்து வருஷத்து ஒயினை வரிசையாக வைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தொடங்கி இருபத்தொன்று வரை. ஒப்பிடப்போகிறவர் லான்ஸ்லேன். அவர் பத்திரிகையில் நல்லதென்று எழுதியதைத்தான் போர்தோ நகரத்து ஒயின் வியாபாரிகள் வாங்குவார்கள். வியாபாரிகளும் வந்திருந்தார்கள். டிசம்பர் குளிரில், கணப்பில்லாத கூடத்தில், எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபப்ரீஸும் வந்திருந்தான். நாற்பது தோட்டங்களுக்கு ஆலோசகன். நாற்பதிலும் ஒரே ஒயின்.

அவன் எதற்கு வந்தான் என்று என் மகள் மைலிஸுக்குத் தெரியும். இந்த வருஷத்து மழையில் பாதித் திராட்சை பூஞ்சை பிடித்துப் போனது. மிஞ்சியது பீப்பாய்களில் தனித்தனியாகக் கிடக்கிறது. எந்தப் பீப்பாயோடு எதைச் சேர்ப்பது என்று ஜனவரியில் முடிவுசெய்ய வேண்டும். இந்தக் கலவை பிசகினால் தோட்டம் தாங்காது. தன்னிடம் விடச் சொல்லி மைலிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னிடம் விடச் சொல்லி ஃபப்ரீஸும் கேட்டுக்கொண்டிருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பெர்த்ரான் தீர்ப்புச் சொன்னார்.

"லான்ஸ்லேன் வரட்டும். பத்தொன்பதைக் குடிச்சுட்டு அவர் நல்லாயிருக்குன்னா, கலவை உன் கையில. இல்லேன்னா ஃபப்ரீஸ்."

பத்தொன்பது மைலிஸின் வருஷம். அந்த அறுவடையில் பெர்த்ரான் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பறித்து முடித்தார்கள். அவள் இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாள். இவர் போனில் கத்தினார். அவள் போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கலவையும் அவளுடையதுதான். "படுக்கையில இருந்தே பண்ணினேன்" என்று இவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"அவருக்குச் சளி பிடிச்சிருந்தா என்னப்பா பண்றது?" என்றாள் மைலிஸ்.

"லான்ஸ்லேனுக்குச் சளி பிடிக்காது."

பிடிக்கவில்லை. வந்து உட்கார்ந்தார், நாப்கினை விரித்தார், ஆரம்பிக்கலாம் என்று கண்ணைக் காட்டினார்.

எங்கள் வீட்டில் முதல் முகர்வு எஜமானருக்கு. பெர்த்ரான் முகர்ந்து தலையசைப்பார். பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவாள் மைலிஸ். அந்தத் தலையசைப்புதான் உத்தரவாதம். தலையசைத்த குப்பியில் குறை இருக்காது.

பன்னிரண்டு போயிற்று. பதின்மூன்று எல்லோருக்கும் தெரிந்த கெட்ட வருஷம். "நளினம்" என்றார் லான்ஸ்லேன். தண்ணீர் என்று அர்த்தம். பதினான்கை "கண்டிப்பு" என்றார். புளிப்பு. பதினைந்து நன்றாக இருந்தது. அதைத் தான் செய்ததாகப் பெர்த்ரான் சொன்னார். பதினேழு உறைபனியில் அடிபட்டது. அதைப் பனி செய்ததாகச் சொன்னார். வியாபாரிகள் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, லான்ஸ்லேனின் புருவத்தைப் பார்த்தபின் பேசினார்கள்.

பத்தொன்பது வந்தது. மைலிஸ் குப்பியிலிருந்த ஒயினைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினாள். பெர்த்ரான் தன் கிளாஸைச் சுழற்றினார், மூக்கைக் கொண்டுபோனார், கண்ணை மூடினார், தலையசைத்தார்.

"இதுதான்" என்றார்.

மைலிஸ் லான்ஸ்லேனுக்கு ஊற்றினாள். ஃபப்ரீஸுக்கு ஊற்றினாள். மூன்றாவது கிளாஸுக்குக் குனிந்தவள் அப்படியே நின்றாள். லான்ஸ்லேன் ஒரு வாய் எடுத்துத் துப்பியிருந்தார். நெற்றியைச் சுருக்கி இரண்டாம் வாய்க்குக் கிளாஸைத் தூக்கினார்.

குடுவை மைலிஸின் கையிலிருந்து மேஜைமேல் விழுந்தது. உருண்டு போய் லான்ஸ்லேனின் கிளாஸைத் தட்டியது. வெள்ளை மேஜைவிரிப்பு முழுக்கச் சிவந்தது. லான்ஸ்லேனின் மடியும்.

"மாடு! கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்றார் பெர்த்ரான்.

"மன்னிச்சுக்கங்க. இன்னொரு குப்பி எடுத்துட்டு வரேன்."

"கை நடுங்குதா மைலிஸ்? பரீட்சைன்னா அப்படித்தான்" என்றான் ஃபப்ரீஸ்.

அவள் நிலவறைக்கு ஓடினாள். நான் துண்டோடு வந்து விரிப்பை ஒற்றினேன். குனிந்ததும் நாற்றம் அடித்தது. ஈர அட்டைப்பெட்டி. மழையில் நனைந்த நாயின் படுக்கை. தக்கை கெட்டு ஒயினைக் கெடுத்திருந்தது. எந்த வீட்டிலும் நடப்பதுதான். முகர்ந்தவுடன் "தக்கை" என்று சொல்லிக் குப்பியை ஒதுக்குவார்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் இங்கே எஜமானர் தலையசைத்துவிட்டார். மகள் "தக்கை" என்றால் அப்பாவுக்கு மூக்கில்லை என்று மாலைக்குள் போர்தோ ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விருந்தினருக்கு ஊற்றியதில் ஃபப்ரீஸின் கிளாஸ் மட்டும் சிந்தாமல் இருந்தது. அதை முகர்ந்தான். இன்னொரு முறை முகர்ந்தான். மெதுவாகச் சிரித்தான்.

"முசியே பெர்த்ரான், என்னோடது தப்பிச்சுது. நீங்கதான் முதல்ல பார்த்தீங்க. எப்படி இருந்துச்சு? ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

பெர்த்ரான் பார்க்க ஒரு முகம் தேடினார். வியாபாரிகள் லான்ஸ்லேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துண்டைப் பிழிந்தேன்.

"இருங்க. நான் சொல்றேன்" என்றார் லான்ஸ்லேன்.

பெர்த்ரானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரக் கால்சட்டையோடு எழுந்து நின்றார்.

"ஈரக் காடு. பழைய நூலகம். மழை விட்டதும் சர்ச்சுக்குள்ள நுழையற மாதிரி. இன்னைக்கு வந்ததுல இதுதான் உச்சம். ஒரே வாய். அதுக்குள்ள போச்சு."

"சர்ச்தான்" என்றார் ஒரு வியாபாரி. அவருக்கு ஒயின் ஊற்றப்படவே இல்லை.

"ஃபப்ரீஸ், உங்ககிட்ட மிச்சம் இருக்கே. நீங்க சொல்லுங்க" என்றார் லான்ஸ்லேன்.

ஃபப்ரீஸ் தன் கிளாஸைப் பார்த்தான். அவனுடைய நாற்பது தோட்டங்களின் ஒயினும் ஏப்ரலில் மதிப்பீட்டுக்கு லான்ஸ்லேனின் முன்னால் போகும்.

"சர்ச்" என்றான்.

"குடிங்க. இதைப் போய்த் துப்பாதீங்க, பாவம்."

குடித்தான். முழுக்க.

"ரொட்டி வேணுமா ஃபப்ரீஸ்?" என்று கேட்டேன்.

"வேணும்" என்றான்.

மைலிஸ் இரண்டாவது குப்பியோடு வந்தாள். மூச்சு வாங்கியது. திறந்து, அப்பாவுக்குப் புதுக் கிளாஸ் வைத்து வழக்கப்படி கொஞ்சம் ஊற்றினாள். பெர்த்ரான் கிளாஸைத் தூக்கினார். மூக்கருகே போன கை நின்றது. விரிப்பின் கறையைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். ஒயினைப் பீப்பாய்க்குப் பீப்பாய் மாற்றும்போது சொட்டுக்கூடச் சிந்தாத கை. பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கிளாஸை அவளிடம் நீட்டினார்.

"நீ பாரு."

வியாபாரிகள் நிமிர்ந்தார்கள். இந்த வீட்டில் முதல் முகர்வு கைமாறி யாரும் பார்த்ததில்லை.

"என்ன முறைக்கிறீங்க? இனிமே இவதான். ஜனவரி கலவையும் இவதான்" என்றார் பெர்த்ரான்.

மைலிஸ் முகர்ந்தாள். தலையசைத்தாள். ஊற்றினாள்.

நானும் ஒரு வாய் குடித்தேன். கறுப்புப் பழமும், வெயில் பட்ட மண்ணும், அவள் காத்திருந்த அந்த ஒரு வாரமும் அதில் இருந்தன.

"நல்லாயிருக்கு" என்றார் லான்ஸ்லேன். "ரொம்பவே நல்லாயிருக்கு. ஆனா முதல் குப்பி வேற. இது கேட்டதும் எல்லாத்தையும் சொல்லிடுது. அது மறைச்சு வெச்சிருந்துச்சு."

"முதல் குப்பி மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?" என்று ஒரு வியாபாரி கேட்டார்.

"இருந்ததெல்லாம் விரிப்புல இருக்கு" என்றார் பெர்த்ரான்.

ஃபப்ரீஸ் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டான்.

அடுத்தது இருபது. மைலிஸ் திறந்து அப்பாவின் பக்கம் போனாள். அவர் தன் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது உங்க வருஷம்ப்பா."

"அதனாலதான் சொல்றேன். நீ பாரு."

அது அவர் மூக்கில்லாமல் செய்த முதல் கலவை. மைலிஸ் தன் கிளாஸில் ஊற்றினாள். சுழற்றினாள். நெடுநேரம் முகர்ந்தாள். பெர்த்ரான் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?" குரல் தாழ்ந்திருந்தது.

"காத்திருக்கணும்ப்பா" என்றாள். தேறவில்லை என்று அர்த்தம்.

லான்ஸ்லேன் ஆமோதித்து எழுதிக்கொண்டார். பெர்த்ரான் சிரித்துவிட்டார்.

நான் சமையலறைக்குப் போய் ஆட்டுத்தொடையை அடுப்பில் வைத்தேன். கதவைச் சாத்தவில்லை. பூண்டு மணம் கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மைலிஸின் குரல் வந்தது.

"அம்மா! இன்னும் ஒரு குப்பி இருக்கு!"