வைத்தி ஓட்டிய சால்

எங்கள் வம்சத்தில் ஏர் பிடித்தவர் கிடையாது. என் பாட்டனார் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரில் நிலம் இருந்த காலத்திலும் வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்ததோடு சரி. மேழி பிடித்தவனுக்கு எங்கள் பந்தியில் இலை கிடையாது என்பது அவர் வைத்துவிட்டுப் போன விதி. நான் அதைக் காத்தேன். காத்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி வைத்தியநாதன் ரயில்வேயில் இருந்தான். மார்வலி வந்ததால் நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டு, தாயில்லாப் பெண் அன்னபூர்ணியுடன் என் வீட்டோடு வந்து சேர்ந்தான். யுத்த காலம். நல்ல அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். அண்ணன் சோற்றைச் சும்மா தின்பது அவனுக்கு உறுத்தியது. ஒரு நாள் மைசூர் மண்டி மொஹல்லா பேட்டையின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு தோட்டக் கருவியை ஜட்காவில் போட்டுக்கொண்டு வந்தான். சீமைக்குத் திரும்பிப்போன யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போனது.

முன்னால் ஒற்றை இரும்புச் சக்கரம். பின்னால் இரண்டு மரக் கைப்பிடிகள். நடுவில் ஒரு திருகாணி. வேலைக்குத் தகுந்த முனையை அதில் மாட்டித் தள்ள வேண்டும். முனைகள் நான்கு: களை சீவும் தகடு, மண் கிளறும் பல், மண் அணைக்கும் தகடு, ஒரு சின்ன ஏர்க்கொழு.

"மாடு வேண்டாம், ஆள் வேண்டாம் அண்ணா. நானே தள்ளிடுவேன். பின்னாடி பூரா உருளைக்கிழங்கு போடப் போறேன்" என்றான்.

நான் கொழுவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன். "மத்த மூணையும் வெச்சுக்கோ. இது வேண்டாம்."

"ஏன்?"

"இது ஏர்."

அவன் சிரித்தான். "ஒரு சாண் நீளம்கூட இல்லையே. இதைப் பார்த்தா மாடே சிரிக்கும்."

"மாடு சிரிச்சா சிரிக்கட்டும். தெரு சிரிக்கப்படாது."

எங்கள் பின்தோட்டத்துச் சுவர் இடுப்பளவுதான். சந்தில் போகிறவர் எல்லாருக்கும் உள்ளே தெரியும். கொழுவைத் துணியில் சுற்றி என் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் என் பூணூலில்தான் இருக்கும்.

சித்திரையில் அந்தச் செம்மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. கிளறும் பல் மண்ணில் இறங்காமல் துள்ளியது. வைத்தி மார்பை அழுத்திக்கொண்டு தள்ளினான். கொழுவை மூன்று முறை கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது நான் ஜபத்தில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி கழித்துத் தோட்டக்காரன் கெம்பையன் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

வைத்தி கைப்பிடியின் மேலேயே சாய்ந்து கிடந்தான். உயிர் இல்லை. தெரு கூடுவதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஈரத்துணியால் அவன் கைகளிலிருந்த மண்ணைத் துடைத்தேன். நந்தியாவட்டை மரத்தடியில் கிடத்தி, பக்கத்தில் பூக்கூடையை வைத்தேன். பூஜைக்குப் பூப் பறிக்கப் போனவன் மயங்கி விழுந்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அன்னபூர்ணியிடமும் அதையேதான் சொன்னேன். பத்து நாள் கழித்து அவள் அந்த மரத்தை வெட்டிவிடும்படி கெம்பையனிடம் கேட்டாள். வெட்டும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் சித்திரையில், ஒரு விடியற்காலை, தோட்டத்தின் மேற்கோரத்தில் ஒரு சால் கிடந்தது. ஏர் ஓட்டினால் விழுகிற ஆழமான கோடு. புரண்ட மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"நீயா ஓட்டினே?" என்று கெம்பையனைக் கேட்டேன். அவன் கொள்ளேகாலத்துக்காரன். எதிலும் சிரிப்பவன். அன்று சிரிக்கவில்லை.

"எதை வெச்சுங்க சாமி ஓட்டறது? கொழு உங்க பொட்டியில இருக்குது." குனிந்து பார்த்தான். "மண்ணு பூரா வலப்பக்கமே சாஞ்சிருக்குது பாருங்க. எடது கைக்காரங்க தள்ளுனாத்தான் இப்படி விழும். இது சின்னய்யா கோடுங்க."

வைத்தி இடது கைக்காரன்.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. துணி சுற்றியபடி இருந்தது. கொழுவில் ஈர மண் ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்து, மீண்டும் சுற்றிப் பூட்டினேன்.

மறுநாள் இரண்டாவது சால். அதற்கு அடுத்த நாள் மூன்றாவது. கெம்பையன் மண்ணைத் தள்ளி மூட மறுத்தான். "செத்தவங்க வேலையை நான் அழிக்க மாட்டனுங்க. என் வேலைன்னு சொல்லிக்கவும் மாட்டேன்." வேறு வழியில்லை. தெரு விழிக்குமுன் நானே பல்லை மாட்டி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளி, ஒவ்வொரு சாலையும் மூடினேன். கெம்பையன் சுவரோரம் நின்று பார்ப்பான். "நல்லாத்தான் தள்றீங்க. இடுப்பை மட்டும் கொஞ்சம் வளைங்க சாமி" என்றான் ஒரு நாள். கைப்பிடி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. யாரோ அந்தக் கணம்தான் விட்டுவிட்டுப் போனதுபோல.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போது அன்னபூர்ணிக்கு ஒரு வரன் வந்தது. பையனின் தகப்பனார் சேஷகிரி ஐயர், நஞ்சன்கூட்டில் இருப்பவர், வெள்ளிக்கிழமை காலை பெண் பார்க்க வருவதாக எழுதினார். நல்ல குடும்பம். தம்பி எனக்கு விட்டுப்போன கடமை அந்த ஒன்றுதான். அவளுக்கு நான் இதை முடித்தாக வேண்டும். பேய் நடமாடும் வீடு என்று பெயர் கிளம்பினால் அந்தப் பெண்ணை எவன் கட்டுவான்?

வெள்ளிக்கிழமை விடியலில் தோட்டத்தைத் துளி சுவடு இல்லாமல் மட்டம் செய்தேன். பத்து மணிக்கு சேஷகிரி ஐயரும் அவர் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்னபூர்ணி காப்பி கொண்டுவந்து வைத்து நமஸ்காரம் செய்தாள். அந்த அம்மாளுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் காணாத சக்கரத்தின் சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று மெதுவாகப் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

"தோட்டத்தில ஆள் வேலை செய்யறான் போலிருக்கே" என்றார் சேஷகிரி ஐயர்.

"ஆமாம். தோட்டக்காரன்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. கெம்பையன் வெற்றிலைக் கட்டும் வாழைப்பழத் தாருமாக வாசல் வழியே உள்ளே வந்தான். கடைத்தெருவுக்கு நான்தான் அனுப்பியிருந்தேன். "தோட்டக்காரன் நான்தானுங்க சாமி, இங்க இருக்கேன்" என்றான், பேச்சு காதில் விழுந்ததும்.

சக்கரம் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

சேஷகிரி ஐயர் எழுந்து பின்கட்டுக் கதவுக்குப் போனார். நானும் போனேன். அவர் கதவைத் திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது. நல்ல வெயில். கருவி சுவரில் சாய்ந்து நின்றது. நான் மட்டம் செய்த மண்ணில் ஆறு சால்கள், கோடு போட்டதுபோல் நேராக. கடைசிச் சாலின் மண்ணிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"நேர்த்தியா ஓட்டியிருக்கான். யாரப்பா இது?" என்று கெம்பையனைக் கேட்டார்.

கெம்பையன் என்னைப் பார்த்தான். "சின்னய்யாங்க."

இவனுக்குக் குடி உண்டு, உளறுகிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. எனக்குப் பின்னால் அன்னபூர்ணி நின்றிருந்தாள்.

"என் தம்பி" என்றேன்.

"அவர் போன வருஷமே காலமானதா எழுதியிருந்தேளே?"

"ஆமாம். இங்கேதான். இதைத் தள்ளிண்டே போனான். ஏர்க்கொழுவை நான் குடுக்கலை. பூப் பறிக்கப் போனான்னு ஊருக்குச் சொன்னேன். அவன் கை மண்ணைத் துடைச்சதும் நான்தான்."

அவர் சால்களைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏர் ஓட்டினதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை ஓய். என் மாமனாரே காவேரிக் கரையில தன் கையால உழுதவர். செத்துக் கிடந்தவன் கையைத் துடைச்சேள் பாருங்கோ, அந்த வீட்டில நான் எப்படிச் சம்பந்தம் பண்ணுவேன்?"

காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. அவர்கள் பதினொன்றரை ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

அன்னபூர்ணி அழவில்லை. "மரத்தை வெட்டச் சொன்னேனே பெரியப்பா. அப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்குப்பின் அவசியம் இல்லாமல் என்னிடம் பேசுவதில்லை.

சால்கள் நிற்கவில்லை. நான் அவற்றை இப்போது மூடுவதில்லை. தெரு சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது, பேசுகிறது, பேசட்டும். பொழுது விடிந்ததும் அன்னபூர்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறாள். கெம்பையன் விதைக்கிழங்குக் கூடையைப் பிடித்துக்கொள்கிறான். புதிதாக விழுந்த சாலில் ஒரு சாணுக்கு ஒன்றாகக் கிழங்கை வைத்துக்கொண்டு போகிறாள். சில இடத்தில், எதிரே வருகிற யாருக்கோ வழி விடுகிறவள்போல, சற்று ஒதுங்கி நின்று, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு மேலே நடக்கிறாள்.

நான் பின்கட்டுக் கதவருகே நின்று பார்க்கிறேன். என்னை யாரும் கூப்பிடுவதில்லை.