எதிரி பெயர் இல்லாத பிராது

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுத உட்கார்ந்த அன்புக்கரசி, எதிரியின் பெயரை எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

அநியாயம் நடந்தால் விருத்தாசலம் பக்கத்து ஜனங்கள் போலீசுக்குப் போவதற்கு முன் இங்கேதான் வருவார்கள். குறையைத் தாளில் எழுதி, சாமியின் காலடியில் வைத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டால் வழக்கு சாமியுடையது. கட்டியவர் தானாக வந்து வாபஸ் வாங்கும் வரை எதிராளிக்கு நிம்மதி கிடையாது என்பது நம்பிக்கை.

மதிவாணன் என்று எழுதத்தான் வந்திருந்தாள்.

நிச்சயம் முடிந்த கையோடு, 2006 ஜூலையில் அவன் மெல்போர்னுக்கு மேல்படிப்புக்குப் போனான். அன்புக்கரசி வீட்டில் போன் இல்லை. அப்பா கொளஞ்சிநாதனின் செராமிக் பட்டறையில்தான் இருந்தது. மாமனார் எடுத்துவிடுவாரோ என்று அவன் அதற்குக் கூப்பிடக் கூச்சப்படுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், ஜங்ஷன் ரோட்டில் அவன் அக்கா பாஞ்சாலை நடத்திய பிரவுசிங் சென்டரில், வெப்கேமராவில் பார்த்துக்கொண்டார்கள். படம் விட்டு விட்டு வரும். அவன் வாய் முதலில் சிரிக்கும், சத்தம் பிறகு வந்து சேரும்.

"நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இரு அன்பு, நான் சாப்புடுறேன். ஒத்தையில உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது" என்பான். அவள் பட்டறைக் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் சொல்லுவாள். பெட்ரோல் பங்க் வேலைக்குப் போகும் சட்டையோடு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவளுக்கு ஈமெயில் தொடங்கிக் கொடுத்ததும் பாஞ்சாலைதான். அவளுக்கு மட்டுமா? வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊர்க்காரர்கள் வந்து நின்றால் பாஞ்சாலையே ஐடி போடுவாள், பாஸ்வேர்டும் அவளே வைப்பாள், கடிதம் வந்தால் திறந்து வாசித்தும் காட்டுவாள். "வூட்டுச் சாவிய என்கிட்டயே குடுத்துட்டுப் போறாங்க பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். அம்மா அப்பா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அன்புக்கரசி வந்தால் டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்பமாட்டாள்.

தை பிறந்ததும் மதிவாணன் திரையில் வருவது நின்றது. "படிப்பு, வேலைன்னு அலையறாம்மா" என்றாள் பாஞ்சாலை. அவன் வீடு மாறிவிட்டானாம், நம்பரும் மாறிவிட்டதாம். புது நம்பரைக் கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாசியில் ஒரு நாள் அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அவனுக்கு மனசு மாறிடுச்சாம். நம்பரக்கூடக் குடுக்க வேணாம்னுட்டான். ஒங்கப்பாவ வேற எடம் பாக்கச் சொல்லும்மா."

அப்பா அன்றிலிருந்து பட்டறையில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தக் கோபத்தோடுதான் அவள் பஸ் ஏறி வந்தாள்.

ஆனால் பேனா ஓடவில்லை. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்காதவன், அடுத்த ஞாயிறே மாறிப் போவானா? போவதென்றாலும் முகத்துக்கு நேரே சொல்லாமல் போகிறவனா?

நிறுத்தி நிதானமாக எழுதினாள். 'எங்கள் இருவர் பேச்சையும் யார் அறுத்தார்களோ அவர்கள் கண்ணில் தூக்கம் அண்டக் கூடாது.' கட்டிவிட்டுத் திரும்பியவள், பிராது கட்டியதை மட்டும் பஸ்ஸில் பார்த்த தெரிந்தவர்களிடம் சொன்னாள். என்ன எழுதினாள் என்பதைச் சொல்லவில்லை. மறுநாளைக்குள் பட்டறை இருந்த தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு பரவியிருந்தது.

பங்குனியில் பாஞ்சாலை பட்டறைக்கு வந்தாள். அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார் பொம்மைகளின் பிசிறை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அன்புக்கரசி, எழுந்திருக்காமல் ஸ்டூலைக் காட்டினாள். பாஞ்சாலையின் கண்கள் வீங்கியிருந்தன.

"அந்தப் பிராத வாபஸ் வாங்கிடும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏன் அண்ணி, என்னாச்சு?"

"இடி விழுந்து கடையில ரெண்டு கம்ப்யூட்டரு போச்சு. அதுகூடப் பரவால்ல. தென்றலு காலேஜிலேருந்து வரப்ப ஸ்கூட்டியோட வுழுந்து கைய ஒடிச்சிக்கிட்டா. ஒரே பொண்ணும்மா எனக்கு."

அன்புக்கரசி துணியைக் கீழே வைத்தாள்.

"தென்றலுக்கு அடிபட்டா எனக்கும் வலிக்குது அண்ணி. ஆனா நான் பிராது கட்டுனது ஒங்க தம்பி மேலன்னுதானே ஊரே பேசுது? ஒத்தையா வெளிநாட்டுல கெடக்கறவருக்கு என்ன ஆவுமோன்னு ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க?"

பாஞ்சாலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் யார் பேரும் எழுதல. பேச்ச அறுத்தவங்கன்னு மட்டுந்தான் எழுதுனேன். அது ஒங்க வூட்டு வாசல்ல வந்து நிக்குதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அழுகையும் வார்த்தையுமாக வந்தது. அன்புக்கரசியின் பாஸ்வேர்டைப் போட்டு, அவள் பெயரிலேயே அவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். 'எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை, இனிமேல் தொடர்பு வேண்டாம்.' அவன் பதறிப்போய் எழுதிய பதில்களை, அன்புக்கரசி கண்ணில் படுவதற்குள் அழித்திருக்கிறாள். அவனுடைய புது ஈமெயில் என்று அன்புக்கரசிக்குத் தப்பான முகவரியைக் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா மவ வூட்லயே இருக்கறப்ப வெளிய எதுக்குன்னு தோணிடுச்சும்மா. வளத்தவ எனக்கு அந்த உரிமை இல்லியா? தென்றலுக்கு இது எதுவும் தெரியாது, சத்தியமா."

அன்புக்கரசிக்கு அழுகை வரவில்லை. அந்த டீயெல்லாம் நினைவுக்கு வந்தது. இவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, இவள் அழித்த கடிதங்களுக்காகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே! உள்ளங்கை அரித்தது. பொம்மையை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள், தூக்கி எறிந்துவிடுவோமோ என்று.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கடைக்கு வரேன் அண்ணி. அவர லைன்ல வரச் சொல்லுங்க. இப்ப எங்கிட்டச் சொன்னத அவருகிட்ட ஒங்க வாயால சொல்லுங்க."

"கடை மூடுனப்புறம் வாம்மா."

"இல்ல. கூட்டமா இருக்கறப்பதான் வருவேன்."

ஞாயிறு சாயங்காலம் கடை நிறைந்திருந்தது. சிங்கப்பூர் மகனுக்காக ஒருவர், துபாய் மருமகனுக்காக ஒருவர் என்று பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தார்கள். மதிவாணனின் முகம் கட்டம் கட்டமாகத் திரையில் வந்தது. தாடி வைத்து, இளைத்துப் போயிருந்தான். அன்புக்கரசி ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திருகினாள்.

"அன்பு? நீதான் பேச வேணாம்னு எழுதிட்டியே, இப்ப எதுக்கு..."

"எழுதுனது நான் இல்லைங்க. அண்ணி சொல்லுவாங்க, கேளுங்க."

பாஞ்சாலை முணுமுணுத்தாள். "சத்தமா அண்ணி. அங்க சரியாக் கேக்காது" என்றாள் அன்புக்கரசி.

பாஞ்சாலை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். திரையில் அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். படம் அப்படியே உறைந்து நின்றது. லைன் போய்விட்டதோ என்று அன்புக்கரசிக்குப் பகீரென்றது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"மூணு மாசமாச் சோறு எறங்கலக்கா. ஒனக்குத் தெரியுமில்ல? போன்ல ஒங்கிட்டதானே அழுதேன்?"



பெஞ்சிலிருந்து தங்கராசு எழுந்தார். சிங்கப்பூர் மகனுக்காகக் காத்திருந்தவர். "ஏம்மா, அப்ப எங்க வூட்டுக் கடுதாசியும் நீ படிக்கறதுதானா? என் மருமவ எழுதுனதுகூட?"

"எம் பாஸ்வேர்ட மொதல்ல மாத்திக் குடு" என்றது இன்னொரு குரல்.

"அவங்ககிட்டக் குடுத்தா பழைய கதைதான் பெரியப்பா. வாங்க, நான் மாத்தித் தரேன்" என்று அன்புக்கரசி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். வரிசை பாஞ்சாலையின் மேஜையை விட்டு அவள் பக்கம் நகர்ந்தது. அதைப் பார்த்தபோது, நெஞ்சில் மாசியிலிருந்து எரிந்துகொண்டிருந்த இடம் குளிர்ந்தது. வெட்கமே இல்லாமல் அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தாள்.

பாஞ்சாலை கிட்டே வந்து குனிந்தாள். "சொல்லிட்டேனேம்மா. பிராத எடுத்துருவல்ல?"

"எடுப்பேன் அண்ணி. ஒங்க தம்பி படிப்ப முடிச்சுட்டு வரட்டும். தாலி கட்டுன கையோட ரெண்டு பேருமாப் போயி எடுக்கறோம்."

"அதுக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல ஆவுமே!"

"ஆவட்டும். தென்றலுக்கு ஒண்ணும் வராது, அவ பேச்ச அறுக்கல. தூக்கம் வராதது ஒங்களுக்கு மட்டுந்தான்."

திரையில் மதிவாணன் மறுபடி வந்திருந்தான். மடியில் தட்டு இருந்தது. "அன்பு, போயிடாத. ஏதாவது பேசு" என்றான்.

"பேசறேங்க. சாப்புடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

தன் ஈமெயிலைத் திறந்து புது பாஸ்வேர்டு அடிக்கப் போனவள், விரலை விசைமேல் வைத்தபடி நிமிர்ந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."