இரண்டு பொட்டலங்கள்

“ரெண்டுலயும் செவப்பையே வெச்சிக் கட்டு. வெள்ளையத் தொடாதே,” என்றார் சிங்காரவேலு, நெற்றியில் விபூதியைக் குழைத்துப் பூசியபடி.

அவர் மனைவி வேதநாயகி வாழையிலைத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் சிவப்பும் வெள்ளையுமாக அரளிப்பூ.

“காதுல வுழுந்துச்சா?”

“வுழுந்துச்சு. நம்ம மாட்டுக்கொட்டாய் பெருக்கற அமிர்தவல்லியோட பேரப்புள்ள போன மாசந்தான் வாந்திபேதியில போச்சு. மாடு குளிக்கிற குட்டைத் தண்ணியத்தான அதுங்க குடிக்குது. ஒரு தடவை அந்தக் கெணத்த அவங்க சேரிக்குக் குடுத்தா இன்னா?”

“குடுக்கறதுக்கு நான் யாருடி? எல்லாம் ஆத்தா உத்தரவு.”

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புகூட வரவில்லை. அதுதான் அவருடைய திறமை.

செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த சிங்காரவேலு, பஞ்சாயத்துத் தலைவரான நாளிலிருந்து தானாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. விளக்குக் கம்பம் எங்கே நடுவது, சாலை எந்தப் பக்கம் போவது, எல்லாவற்றுக்கும் அம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்பார். அம்மனும் ஒருமுறைகூட அவர் மனசுக்கு விரோதமாகப் பேசியதில்லை. கம்பம் அவர் கடை வாசலுக்கே வந்தது. சாலை அவருடைய நெற்களத்தைத் தொட்டுக்கொண்டு போனது. தெய்வத்தைக் கேட்டு நடக்கிற தலைவர் என்று மேடைதோறும் புகழ்ந்தார்கள். அம்மன் சொல்லவேண்டிய பதிலை இவர் வீட்டுக் கூடத்திலேயே நார்போட்டுக் கட்டிவிடுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாது.

இப்போது அரசாங்கம் ஒரு கிணற்றுக்கு அனுமதி கொடுத்திருந்தது. சேரியில் கிணறே இல்லை. கடைத்தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. ஆனாலும் தன் கடைக் கிடங்குக்குப் பின்னால் இன்னொன்று இருந்தால் தலைவருக்குச் சௌகரியம். வெள்ளை வந்தால் சேரிக்கு, சிவப்பு வந்தால் கடைத்தெருவுக்கு என்று ஊரில் சொல்லிவிட்டார்.

அவர் வேட்டி மாற்ற உள்ளே போனார். இத்தனை வருஷம் இந்தப் புரட்டைக் கட்டிக் கொடுத்த கைகளைப் பார்க்க வேதநாயகிக்கு அருவருப்பாக இருந்தது. கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு கட்டத் தொடங்கினாள்.

சேரி ஜனங்கள் கோயில் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். சட்டம் அவர்களை உள்ளே விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, ஊர்தான் விடவில்லை. பூசாரி முருகையன் பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

வெளியே அமிர்தவல்லி அழுதேவிட்டாள். சிங்காரவேலுவின் முகம் வெளுத்தது. மற்றதையும் பிரி என்று சொல்ல வாயெடுத்தார். அதில் என்ன இருந்து தொலைக்குமோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டார். பிரிக்காத அந்தப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஆத்தா உத்தரவு,” என்று கும்பிட்டார். ஜனங்கள் அவரை வாழ்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்.

“ரெண்டுலயும் வெள்ளைய வெச்சி என்னை ஏமாத்திட்ட இல்ல?”

“பிரிச்சிப் பாருங்க.”

நாரைப் பிய்த்தார். உள்ளே சிவப்பு அரளி இருந்தது.

“ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. ஞாயமாத்தான் கட்டுனேன்,” என்றாள் வேதநாயகி. “இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க சாமியக் கேட்டிருக்கீங்க.”

அடுத்த கோடைக்குள் சேரியில் கிணறு வந்தது. ‘தெய்வ ஆணைப்படி நடக்கும் தலைவர்’ என்று கைப்பிடிச் சுவரில் கல்வெட்டுப் பதிக்க அவரே ஏற்பாடு செய்தார். திறப்பு விழாவில் மாலையும் கழுத்துமாக நின்றவரிடம், முதல் வாளித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு நீட்டினாள் அமிர்தவல்லி.

“ஆத்தா குடுத்த தண்ணிங்க. மொதல்ல நீங்க குடிக்கணும்.”

தலைவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“இன்னிக்கு ஆத்தாளுக்கு வெரதம். பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது,” என்றார். காலையில் தின்ற இட்லி அந்த நேரம் பார்த்து ஏப்பமாக வந்தது.

“எனக்கு வெரதம் இல்ல,” என்று வேதநாயகி சொம்பை வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், எல்லாரும் பார்க்க வாய்வைத்தே குடித்தாள். அவளுடைய உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த தலைவர் பசியோடு கூடத்தில் உட்கார்ந்து இலை போடச் சொன்னார்.

“ஆத்தாளுக்கு வெரதம்னு ஊரறியச் சொல்லிட்டு வந்தீங்களே,” என்றாள் வேதநாயகி. அவள் அடுப்பே மூட்டியிருக்கவில்லை.